மடியில்லாதவனுக்கு மடிக்கணினி

டோல்கேட் கடையில் இன்று அந்தப் பதினேழு அங்குல லேப்டாப்பைப் பார்த்தே விட்டேன். விளம்பரத்தில் கண்டதிலிருந்து ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் வாங்க வேண்டுமென்றால் மனைவி தலையாட்ட வேண்டும்; அவளையும் கூட்டிப் போயிருந்தேன்.

"டெஸ்க்டாப்பே தேவையில்ல சார். அதே வேகம், அதே திரை" என்றார் கடைக்காரர்.

"மடிக்கணினின்றாங்களே, மடில வெச்சிக் காட்டு" என்றாள் மனைவி.

வைத்தேன். தொப்பை தள்ளித் தள்ளி, அது முழங்காலில் போய் நின்றது. கை எட்டவில்லை. தொடை வேறு சுட்டது.

"உனுக்கு மடியே இல்லியேய்யா! அப்பால இன்னாத்துக்கு இது?"

"மேசைல வெச்சிக்கலாம்கா" என்று காப்பாற்ற வந்தார் கடைக்காரர்.

"மேசைலதான் ஏற்கெனவே ஒண்ணு குந்திகினு கீதே நைனா!"

கடைக்காரர் லேப்டாப்பை மடக்கிவிட்டார்.

மனம் இன்னும் அந்தக் கடையிலேயே சுற்றுகிறது. இவளை மடக்க வழி தெரிந்த கணவன்மார் யாராவது உண்டா?