அம்மனுக்கு நேர்ந்த முடி

எனக்கு ஏழு வயது வரை சடை இருந்தது. சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. இப்போதைய என் தலையைப் பார்த்தால் நம்பவும் தோன்றாது. ஆனால் இருந்தது, இடுப்பைத் தொடும் சடை. அம்மா காலையில் எண்ணெய் வைத்து வாரிப் பின்னி, நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டி, கால்சட்டையை மாட்டிவிட்டு இரண்டாம் வகுப்புக்கு அனுப்புவாள். திருவேங்கடத்துப் பக்கம் கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் என்னை ஒருத்தனும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாருக்கும் நான் "ஏட்டி"தான்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா சங்கரன்கோவிலுக்குப் போய், கோமதி அம்மன் சந்நிதியில் முந்தானையை ஏந்தி நின்று, "இதையாவது எனக்கு விட்டுவை தாயே. ஏழு வயசு வரைக்கும் கத்தி படாம வளத்து, ஆடித்தபசு அன்னைக்கு ஒன் வாசல்ல வச்சு முடி எறக்குதேன்" என்று நேர்ந்துகொண்டாளாம். ஆகவே என் தலையில் இருந்த முடி என்னுடையது இல்லை, அம்மனுடையது. சீப்பில் வருகிற முடியைக்கூட அம்மா வெளியே எறியமாட்டாள். ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்திருந்தாள்.

அந்த வருஷம்தான் ஏழு வயது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் வண்டிமாடு விளையாட்டு. என் சடைதான் மூக்கணாங்கயிறு. பிடித்தவன் இழுத்த இழுப்பில் நான் திமிறி ஓட, அவன் கையை விட்டுவிட்டான். நான் போய்த் தண்ணீர்த்தொட்டியின் விளிம்பில் முன்பக்கமாக விழுந்தேன். நெற்றிக்குச் சற்று மேலே, முடி ஆரம்பிக்கிற இடத்தில் பிளந்துவிட்டது.

அம்மா ஒரு கை நிறையக் காப்பித்தூளை அள்ளி வைத்து அமுக்கித் துணியால் கட்டினாள். ரத்தம் நின்றது. எல்லாரும் அம்மனைக் கும்பிட்டார்கள். இரண்டு நாளில் கட்டு நாற ஆரம்பித்தது. அடுத்து காய்ச்சல். அப்பா அப்போது பம்பாயில் மில் வேலையில் இருந்தார். மாமாதான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு சங்கரன்கோவிலுக்குக் கொண்டு வந்தார்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் மாட்டுத் தரகர். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரத்தை முடிக்கிறவர். "ரெண்டு பேரும் தான்தான் கெலிச்சோம்னு நெனச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவணும். அதுதான் தரகு" என்பார். அந்த வித்தை தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒரு நினைப்பும் உண்டு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, "உள்ள சீழ் வச்சிருக்கு. முடிய எடுத்துக் கழுவி வைங்க. பத்து மணிக்கு வந்து தையல் போடுதேன்" என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். நர்ஸம்மா நாசரேத் பக்கத்துக்காரர். நல்ல உயரம், வெள்ளைச்சேலை, கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை.

"காப்பித்தூளா இது? என்னம்மா, பிள்ளை மண்டையில காப்பிக்கடை வச்சிருக்கீங்க?" என்றபடி கத்தரியை எடுத்தார்.

அம்மா பாய்ந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "முடியில கை வைக்காதீங்க. அது அம்மனுக்கு நேர்ந்த முடி."

"சாமிக்கு முடி முக்கியமா, பிள்ளை முக்கியமா?"

"பிள்ளைக்காவத்தானே முடி."

நர்ஸம்மாவின் குரல் உயர்ந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் சீழ் உள்ளே இறங்கிவிடும், பிள்ளையைப் பார்க்கமுடியாது என்றார். மாமா, நாலு நாள் பொறுத்தால் தபசு, முடி இறக்கின கையோடு நேரே இங்கே கொண்டு வருகிறோம் என்றார். நாலு நாள் இவன் தாங்கமாட்டான் என்றார் நர்ஸம்மா. அம்மா எனக்குக் கேட்கிற மாதிரி மாமாவிடம் முணுமுணுத்தாள்: "வேதக்காரிக்கு நம்ம சாமி முடின்னா எளக்காரமாத்தான் இருக்கும்." அது நர்ஸம்மாவுக்கும் கேட்டுவிட்டது. அவர் முகம் சிவந்துபோனது.

"அப்பம் கூட்டிட்டுப் போங்க. வழியில ஏதும் ஆனா எங்கிட்ட வராதீங்க."

"போறோம்" என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா என்னைத் தூக்கினாள். என் உடம்பு கொதித்தது அவளுக்கும் தெரிந்திருக்கும். வாசல் வரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அவள் அழுவது என் காதில் விழவில்லை, வயிறு குலுங்குவதுதான் தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் வயிற்றுப்போக்குக்காகச் சேர்த்திருந்த ஒரு சின்னப் பையனும் அவன் உம்மாவும் இருந்தார்கள். கடையநல்லூர்க்காரர்கள். அதுவரை அந்த உம்மா மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"தங்கச்சி, இங்கன வா. உக்காரு. பிள்ளைய மடியில வச்சுக்க. ஒண்ணு கேக்கேன், சொல்லு. அம்மன்ட்ட என்ன சொல்லி நேந்த? அதே வார்த்தைய அப்படியே சொல்லு."

அம்மா விக்கிக்கொண்டே நேர்ந்ததையும் அதன் முறையையும் சொன்னாள். தாய்மாமன் மடியில் வைத்து எடுக்கவேண்டும். கோவிலைப் பார்த்து இருக்கவேண்டும். முடி தரையில் விழுந்து மிதிபடக்கூடாது. அம்மன் உண்டியலில் சேரவேண்டும்.

"எங்களுக்குள்ளயும் பிள்ளை பெறந்தா ஏழாம் நாளு முடி எறக்குவோம். அந்த முடி எடைக்கு வெள்ளி போட்டு ஏழைகளுக்குக் குடுப்போம். எவனும் மிதிக்க விடமாட்டோம். எனக்கு ஒன் பயம் தெரியுது" என்ற உம்மா, நர்ஸம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க நர்ஸம்மா. முழு மொட்டையும் எடுத்தாத்தானா?"

நர்ஸம்மா என் தலையைத் திருப்பிப் புண்ணை விரலால் அளந்தார். பிறகு, "முன்பக்கம் பாதி போதும். பின்னால இருக்கத நான் தொடமாட்டேன்" என்றார்.

பாதி என்ற சொல்லைக் கேட்டதும் மாமாவின் கண் மலர்ந்தது. பேரம் படிகிற இடம் அவருக்குத் தெரியாதா? கை தானாகத் துண்டை எடுத்து விரலை மூடியது. எதிரே நிற்பது நர்ஸம்மா என்று ஞாபகம் வந்து, துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி நர்ஸம்மா. பிள்ளை என் மடியிலதான் இருப்பான்."

"கைகாலக் கழுவிட்டு உக்காருங்க அண்ணாச்சி. சோப்புப் போட்டு."

"ஒரு சூடம் மட்டும் பொருத்திக்கிடுதேன்."

"முடியாது. இங்கன ஸ்பிரிட் இருக்கு. ஆஸ்பத்திரியே பத்திக்கிடும்."

"தேங்கா?"

"வெளிய வேப்பமரத்தடியில போயி ஒடைங்க. உள்ள வரும்போது மறுபடி கையக் கழுவணும்."

"திருநீறு?"

"புண்ணுல வேண்டாம். கையில பூசிவிடுங்க. எங்க சபையில இதெல்லாம் கெடையாது, பாத்துக்கிடுங்க. பிள்ளைக்காவச் சம்மதிக்கேன்."

"நாங்களும் பிள்ளைக்காவத்தான் எறங்கி வாரோம்" என்றார் மாமா, விட்டுக்கொடுக்காமல்.

மாமா வேப்பமரத்தடிக்குப் போய் வந்தார். நர்ஸம்மா அலமாரியிலிருந்து துவைத்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து மாமா மடியில் விரித்தார். என்னை அதன்மேல் உட்காரவைத்தார்கள். கத்தரியைக் கையில் எடுத்தவர் எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி நின்று, "அண்ணாச்சி, அந்த ஸ்டூல இப்படித் திருப்பிப் போடுங்க. ஜன்னலப் பாத்து. வெளிச்சம் அங்கனதான் இருக்கு" என்றார்.

திருப்பிப் போட்டார்கள். அந்த ஜன்னலில் எனக்கு நேரே கோவில் கோபுரம் தெரிந்தது. உச்சியில் புறா சுற்றுவது வரை தெரிந்தது. அம்மா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். என் நிழலும் மாமாவின் நிழலும் ஒன்றாகச் சேர்ந்து எங்களுக்கு முன்னால் தரையில் விழுந்து கிடந்தன. நான் அந்த நிழலில் என் சடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நர்ஸம்மா கண்ணை இடுக்கிக் குனிந்து பார்த்தார். பிறகு, "யாராவது டார்ச் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். மாமாவின் பையில் இருந்த பெரிய டார்ச்சை உம்மா வாங்கி என் தலைக்கு மேலே பிடித்தார். காப்பித்தூளும் ரத்தமும் ஒட்டிக் காய்ந்த முடியை நர்ஸம்மா வெந்நீர் தொட்டுத் தொட்டு, ஒரு கற்றை ஒரு கற்றையாக எடுத்தார். நறுக்கின ஒவ்வொன்றையும் மடித்துணியில் வைத்தார். ஒரு தடவை கொஞ்சம் முடி நழுவப் பார்த்தது. உம்மா மற்ற கையை நீட்டி ஏந்திக்கொண்டார். தரையில் ஒரு மயிர்கூட விழவில்லை.

பத்து மணிக்கு வந்த டாக்டர், "இங்கன இருட்டுல என்ன பண்ணுதீங்க?" என்று கேட்டார்.

"இங்கதான் வசதி டாக்டர்" என்றார் நர்ஸம்மா, தலை நிமிராமலேயே.

தையல் போட்டது வலித்தது. அதைச் சொல்லி முடியாது. முடிந்த பிறகு என்னை நிமிர்த்தி வைத்துப் பார்த்தார்கள். முன்னால் பாதி வழுக்கை, வெள்ளைக்கட்டு. பின்னால் பாதி, ரிப்பன் கட்டின சடை. உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவனைப் பாரேன். அந்தப் பாதி ஒண்ணு, இந்தப் பாதி ஒண்ணு. சங்கரநாராயணர் மாதிரில்லா நிக்கான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூன்று நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

நர்ஸம்மா வெட்டின முடியைப் பஞ்சுத்துணியில் வைத்து மடித்து, புண்ணுக்குக் கட்டுப்போடுகிற அதே பாங்கில் நான்கு பக்கமும் சுருட்டி, பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தார். மாமா அதைத் தபசு அன்று கூட்டத்துக்குள் நீந்திப் போய், அம்மா சேர்த்துவைத்திருந்த துணிப்பையோடு உண்டியலில் போட்டார். அம்மனுக்குக் கட்டுப்போட்ட காணிக்கை அந்த ஒன்றுதான் வந்திருக்கும். நான் அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில், சப்பரத்தின் மேல் பருத்தியும் மிளகாய்வத்தலும் வீசி ஆர்ப்பரிக்கிற சனத்தின் சத்தத்தை அந்த ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். காய்ச்சல் விட்டிருந்தது.

புண் ஆறிய பிறகு, மீதி முடியை அம்மன் வாசலில் மாமா மடியிலேயே இறக்கினோம். அன்று அம்மா ஆஸ்பத்திரிக்கு இரண்டு தூக்குவாளியில் பொங்கல் கொண்டு போனாள். ஒன்றை நீட்டும்போதே, "இது சாமிக்குப் படைக்காதது. உங்களுக்குன்னு தனியாப் பொங்கினேன்" என்றாள். நர்ஸம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "காப்பித்தூள் போடலியே?" என்று கேட்டார். உம்மா அதற்குள் மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவருக்குக் கொண்டுபோன வாளி வீட்டுக்குத் திரும்பி வந்தது. அம்மாவுக்கு அதில் ரொம்பநாள் குறை.

திரும்பும் பஸ்ஸில் மாமா, "எப்படி அந்த நர்ஸம்மாவ வழிக்குக் கொண்டாந்தேன் பாத்தியாட்டி?" என்று அம்மாவிடம் பெருமை பேசினார். புறப்படும்போதுதான் நர்ஸம்மா இன்னொரு நர்ஸிடம், "இந்த மாமாவ வழிக்குக் கொண்டாரதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிட்டு" என்று சொன்னதை நான் கேட்டிருந்தேன். இரண்டில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் அந்த வயதில் நினைத்தேன்.

இப்போது கோவிலுக்குக் கிழக்கே, அந்த ஆஸ்பத்திரி இருந்த பக்கத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறேன். தினமும் காலையில் குளித்துவிட்டு மாடிக்குப் போய், கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவது வழக்கம். எத்தனையோ வருஷமாகக் கும்பிடுகிறேன். ஒரு நாள் கும்பிட்டுக் குனிந்தபோது, என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக விழுந்து கிடப்பதைப் பார்த்தேன். வெயில் முதுகில் சுட்டது.

காலையில் மேற்கே, கோபுரத்துத் திக்கில் ஏது வெளிச்சம்? வெளிச்சத்துக்காக ஸ்டூலைத் திருப்பிப் போட்ட இடத்தில் டார்ச் எதற்கு என்று கேட்க, ஏழு வயதில் எனக்குத் தெரியவில்லை.