குணம் அண்ணை திரும்பி நின்ற திசை

குணம் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் ஓர் அறைக்குள் அகப்பட்டுக் கிடந்தேன். அந்த அறைக்குள் எங்களை அடைத்து வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவரே அவர்தான். மெல்பனின் டண்டினொங்கில் உள்ள எங்கள் பேஸ்போல் கிளப்பில் மட்டைகளும் தலைக்கவசங்களும் அடுக்கி வைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. அதன் கதவின் உட்பக்கப் பிடி உடைந்து நெடுங்காலம். சாத்திவிட்டால் வெளியே நிற்பவர்தான் திறக்க வேண்டும். ஆகவே ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருப்போம். மாதக் கடைசியில் எங்கள் தெரிவுக் குழு கூடும் நாளில் மட்டும் குணம் அண்ணை அந்தச் செங்கல்லைக் காலால் தள்ளிவிடுவார். கிளப் பாரில் நிற்கும் பையனிடம், "நாங்கள் தட்டினால் மட்டும் திற" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். குழுவில் இருந்த நாங்கள் மூன்று பேரும் ஒரே ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.

அன்று மாலை அவர் வரவில்லை. நானும் கரோலும் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்திவிட்டு அவருடைய வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கரோல் இந்தக் கிளப்பில் பிறந்து வளர்ந்தவள் என்றே சொல்லலாம், ஓய்வுபெற்ற தாதி. என் கணவரிடமிருந்து அழைப்பு வந்தது. "குணம் அண்ணை மோசம் போயிட்டாராம். மத்தியானம் படுத்தவர், எழும்பேல்லையாம்" என்றார். கரோலுக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே எழுந்து கதவைத் தட்டத் தொடங்கினாள். வெளியே யாருக்கும் சொல்லி வைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆளுக்கொரு மட்டையை எடுத்து அந்தக் கதவை அடித்தோம். அழுதுகொண்டே அடித்தேன்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைப் பஸ் ஓட்டியவராகத் தெரியும், கோயில் மடப்பள்ளியில் சாம்பார் வாளியோடு நிற்பவராகத் தெரியும். எங்கள் தெரிவுக் குழுவில் அவர் செய்த காரியம் தமிழர்களில் அதிகம் பேருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும், "கிரிக்கெட் தெரிஞ்ச மனுசன் ஏன் உந்த விளையாட்டுக்குப் பின்னால திரியிறார்?" என்றுதான் கேட்டார்கள். அதற்கு அவர், "கிரிக்கெட் எண்டால் ஒரு நாள் முழுக்க வெயிலில நிக்க வேணும். இது மத்தியானச் சோத்துக்கு முதலே முடிஞ்சிடும்" என்பார். உண்மையான காரணம் அவருடைய ஒரே மகள் மயூரி. பள்ளிக்கூடக் காலத்தில் பந்து எறியப் பழகியவள், இருபத்தாறு வயதிலும் எங்கள் மூன்றாம் அணிக்கு எறிந்துகொண்டிருந்தாள்.

கிளப்பில் நான்கு அணிகள். முதலாம் அணி பெரிய மைதானத்தில், விளக்குகளோடு, பார்க்க ஆட்களோடு ஆடும். மற்ற மூன்றும் கீழணிகள். ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவார்கள். அவர்களில் மாதத்துக்கு ஒருவரைத் தெரிந்தெடுப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. தெரிவாகிறவர் முதலாம் அணியோடு ஓர் ஆட்டம் ஆடலாம். வெளியாருக்கு இது சின்ன விஷயம். கிழமை முழுக்கப் பண்டகசாலையில் பெட்டி தூக்கிவிட்டுச் சனிக்கிழமை காலையில் சேற்று மைதானத்தில் ஆடுகிறவருக்கு, அங்கிருந்து வெளியே வர இருக்கும் ஒரே கதவு அது.

அவர் குழுவுக்கு வருவதற்கு முன் அந்தக் கதவு இரண்டாம் அணிக்கு மட்டுமே திறந்தது. மூன்றாம் நான்காம் அணிகள் ஆடும் கீழ் மைதானத்துக்குக் குழுவில் இருந்தவர்கள் இறங்கியதே இல்லை. அங்கே ஆடியவர்கள் வியட்நாமியர், ஆப்கானியர், பிலிப்பினோக்கள், நாங்கள். குணம் அண்ணைதான் குழுவினரைக் கீழே இழுத்துக்கொண்டு போனார். ஆட்களை எடைபோட அவரிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. நல்லாய் அடித்த நாளைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "அடிச்சது எல்லாருக்கும் தெரியும். அவுட் ஆகிப் போட்டு ஆள் எங்க போய் இருந்தவர்? அதைச் சொல்லுங்கோ." இதையே ஆங்கிலத்தில் கரோலிடமும் கேட்பார். முதன்முதலாக நான்காம் அணியிலிருந்து தெரிவான ஆப்கானியர், அந்த மாதம் அடித்ததைவிட அவுட் ஆனதே அதிகம். ஒவ்வொரு தடவையும் வாங்குப் பலகையில் அடுத்து ஆடப் போகிறவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, எறிகிறவரின் பந்து எப்படி வளைகிறது என்று சொல்லிக்கொடுத்தார். அதைப் பார்த்தவர் குணம் அண்ணை ஒருவர்தான். கரோலைச் சம்மதிக்க வைக்க அன்று வெகுநேரம் எடுத்ததாம். கதவோ திறக்காது. கடைசியில் கரோல், "சரி, எனக்குப் பசிக்கிறது" என்று சம்மதித்ததாகச் சொல்லிச் சிரிப்பாள்.

என்னைக் குழுவுக்குக் கூப்பிட்ட கதையையும் சொல்லத்தான் வேண்டும். என் கணவர் சிவா நான்காம் அணியில் ஆடுகிறார். ஆடுகிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பந்து போன பிறகு மட்டையை வீசுவார். வீட்டுக்காரர் ஆடும் கிளப்பில் தெரிவுக் குழுவில் நான் எப்படி இருப்பது என்று கேட்டேன். குணம் அண்ணை யோசிக்கவே இல்லை. "தங்கச்சி, உம்மட மனுசன் விளையாடுற விளையாட்டுக்கு உமக்கு ஒருநாளும் பிரச்சினை வராது" என்றார். பக்கத்தில் நின்ற சிவாவும் சேர்ந்து சிரித்தார். நான் மாட்டிக்கொண்டேன்.

பிரச்சினை அவருக்குத்தான் இருந்தது. மயூரி கிளப்பின் கீழணிகளில் ஆகத் திறமான எறிகாரி என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவளுடைய பெயர் அந்த அறைக்குள் ஒருநாளும் வந்ததில்லை. நான் ஒருமுறை வாயெடுத்தபோது, "நான் இருக்கிற மேசையில என்ர பிள்ளையின்ர பேர் வரக்கூடாது" என்று முடித்துவிட்டார். அப்படியானால் விலகிவிடுங்களேன் என்றேன். நாங்கள் அப்போது ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன் வாங்க நின்றிருந்தோம். அவர் கையிலிருந்த பையை மாற்றிப் பிடித்தார். "நான் எழும்பினால் கீழ் மைதானத்தை ஆர் பாக்கிறது? நான் இருந்தால் பிள்ளை வெளியில. நான் வெளியில போனால் மற்றப் பிள்ளையள் எல்லாம் வெளியில. எனக்கு ரெண்டு பக்கமும் சுவர், தங்கச்சி. அதுக்குத்தான் உம்மைக் கொண்டந்தனான். நீர் நல்லாப் பழகிக்கொள்ளும், வாற கோடைக்கு முதல் நான் எழும்பிறன்." ஆனால் இங்கே கோடை மார்கழியில்தான் வரும், அப்போது மயூரி மெல்பனிலேயே இருக்கப் போவதில்லை. நாட்டின் மறுகோடியில் இருக்கும் பேர்த்தில் வேலை எடுத்துவிட்டாள், பங்குனி முடியப் போகிறாள். அதை அவரிடம் சொல்ல அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் சொன்னபிறகு அவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை என்று அவருடைய மனைவி சொன்னார்.

அவரை நான் கோபித்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. மகள் எறிய வந்தால் அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலி ஓரம் நிறுத்திய தன் வான் வண்டியைப் பார்த்தபடி நிற்பார். அவள் எறிந்து முடியும்வரை திரும்பமாட்டார். கிளப் முழுவதும் அதைக் கவனித்திருந்தது. மயூரியும் கவனித்திருந்தாள். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மயூரி எறிந்ததெல்லாம் அடிவாங்கியது. பாதியில் அவளை நிறுத்தி வேறொருவரைப் போட்டார்கள். அன்றைக்காவது திரும்பிப் பார்க்கக்கூடாதா என்று கேட்க, விறுவிறுவென்று அவரிடம் போனேன். பக்கத்தில் போய் நின்றதும் அவர் பார்த்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். வானின் கறுத்தக் கண்ணாடியில் மைதானம் முழுவதும் தெரிந்தது. நடுவில், எறிகிறவர் நிற்கும் எறிமேடு.

"பிள்ளை எங்க போய் நிண்டவள் எண்டு பாத்தனீரோ?" என்று கேட்டார். கண்ணாடியின் ஓரத்தில் மயூரி தெரிந்தாள். அழவில்லை, தனியே போய் இருக்கவும் இல்லை. அதற்கும் அடுத்து எறிய இருந்த ஒரு பையனின் கை சூடேற, வேலிப் பக்கம் நின்று அவன் எறிந்த பந்துகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குணம் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும். நான் பாக்கிறன் எண்டு தெரிஞ்சால் ஆக்கள் அவளைப் பற்றிக் கதைப்பினம்" என்றார். வாக்குக் கொடுத்தேன். அடுத்த மாதமே அவர் போய்விட்டார்.

அவர்களுடைய கிரான்பர்ன் வீட்டில், எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று, மயூரி என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் குடும்பத்துக்கே கதவு சாத்தும் பழக்கம் போலும். "அன்ரி, இந்த மாசம் என்னைத் தெரிவு செய்யாதேங்கோ. ப்ளீஸ். அப்பா செத்ததால குடுத்தது எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம்" என்றாள். பிறகு குரல் இறங்கி, "அவர் ஒருநாளும் என்னைப் பாத்ததே இல்லையே, அன்ரி" என்றாள். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கதவுக்கு அப்பால் அவருடைய படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொடுத்த வாக்கை நினைத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

ஒத்திவைத்த கூட்டத்துக்கு நானும் கரோலும் போனோம். மயூரி பேர்த்துக்குப் போகுமுன் அவளுக்குக் கிடைக்கும் கடைசிச் சந்தர்ப்பம் இதுதான் என்றாள் கரோல். இந்தமுறை பாரில் சொல்லிவிட்டு வந்து, செங்கல்லை நான் காலால் தள்ளினேன். கரோல் உட்காரும் முன்பே, "மயூரி. குணத்துக்காக" என்றாள். நான் முடியாது என்றேன். குணத்துக்காக என்றால் என் வாயிலிருந்து அந்தப் பெயர் வராது என்றேன். அவள் முகம் சிவந்துபோனது. இறந்த மனிதனுக்கு இதைக்கூடச் செய்யமாட்டாயா என்று கத்தினாள். நானும் கத்தினேன். அவர் உயிரோடிருந்தவரை மகளை வெளியே வைத்தார், இறந்த பிறகு அவர் பெயரைச் சொல்லி உள்ளே எடுத்தால் அதுவும் அவளை வெளியே வைப்பதுதான் என்றேன். வேறு பெயர்களைப் பேசிப் பார்த்தோம். எதுவும் நிற்கவில்லை. கதவு சாத்தியே இருந்தது. கடைசியில் நான் அவருடைய கேள்வியைக் கேட்டேன். மயூரி ஆக மோசமாக ஆடிய நாளில், நிறுத்தப்பட்ட பிறகு, எங்கே போய் நின்றாள்?

கரோல் கதிரையில் உட்கார்ந்தாள். பிறகு, "வேலி ஓரத்தில் அந்தப் பையனுக்குப் பந்து பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்" என்றாள். "அப்படியென்றால் மயூரி. அவளுக்காக" என்றாள். நாங்கள் இருவரும் கதவைத் தட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை மயூரி அப்பாவின் வானில் வந்து அதே இடத்தில் நிறுத்தினாள். தெரிவான செய்தியைச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நான் அவளுடைய தோளைப் பிடித்துத் திருப்பி, அவளுடைய அப்பா வழக்கமாக நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். "கண்ணாடியைப் பாரும்" என்றேன். நான்காம் அணியினர் பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் முதலில் விளங்காமல் நின்றாள். பிறகு கையை நீட்டிக் கண்ணாடியில் எறிமேடு தெரிந்த இடத்தைத் தொட்டாள்.

"எல்லாம் தெரியுது" என்றாள்.

"ஓம்."

"நான் அடிவாங்கின அண்டைக்கும்?"

"அண்டைக்கும் பாத்தவர். நீர் எங்க போய் நிண்டனீர் எண்டும் பாத்தவர்."

அவள் வானின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். இறந்தவருக்குக் கொடுத்த வாக்கை உடைத்துவிட்டேன். அதற்காக எனக்குத் துளியும் வருத்தமில்லை. மேலே போய் அவர் முகத்தில் முழிக்கும்போது அவர் என்னை ஏசட்டும்.

முதலாம் அணிக்கு மயூரி ஆடிய ஆட்டத்தில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நன்றாக எறிந்தாள், பிறகு கொஞ்சம் அடிவாங்கினாள், அணி தோற்றது. அவளுடைய அம்மா கரோலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து முழுவதையும் நேருக்கு நேர் பார்த்தார். மயூரி இந்த மாத முடிவில் பேர்த்துக்குப் போகிறாள். வான் இங்கேதான் நிற்கும்.

குணம் அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை மூன்று: ஒரு செங்கல், ஒரு கேள்வி, தெரிவுக் குழுவில் அவருடைய கதிரை. அந்தக் கதிரையைப் பெரிய பாரமாக நான் நினைத்திருக்கவில்லை, போன சனிக்கிழமைவரை. அன்று என் கணவர், வாழ்க்கையில் முதல்தடவையாக, பந்து போகுமுன்னே மட்டையை வீசினார். பந்து கீழ் மைதானத்தின் வேலிக்கு மேலால் போய் விழுந்தது. அணி முழுவதும் கத்தியது. அவர் ஓடிக்கொண்டே, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் என் முகத்தைத் தேடினார்.

நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வானின் கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி நின்றேன்.