மூன்று படகுகள் நம்பினால்

அன்று காலை கிசுமு ஏரிக்கரையில், நானும் அபோண்டியும் வேலை செய்யும் பட்டறையில், அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். அவள் தம்பி ஒடுலா.

"அக்கா, ஆகாயத்தாமரைக்குள்ள மாட்டிக்கிட்டேன். இஞ்சின்ல சுத்திக்கிச்சு."

"காத்து மாறினா அந்தப் பக்கம் போகாதேன்னு எத்தனை தடவடா சொல்றது?"

"சரி, திட்டு அப்புறம். உன் பிள்ளைங்க வருதுங்க. வழி வெட்டிக் குடுக்கச் சொல்லு."

பிள்ளைகள் என்றால் அபோண்டி செய்த பதினொரு ஆளில்லாப் படகுகள். முன்னால் சுழலும் கத்தியால் ஏரியின் களையை வெட்டுபவை.

"எத்தனை வருது?"

"அஞ்சு. என்னையே சுத்துதுங்க. பெத்தவ மாதிரியே பிடிவாதம்." சிரித்தான். சட்டென்று குரல் மாறியது. "அக்கா, நிக்க மாட்டேங்குது. முன்னாடியெல்லாம் படகைப் பாத்தா நின்னுடுமே?"

அபோண்டி போனைக் கையில் எடுத்தாள். "ஆடு!" என்று கத்தினாள். "படகை ஆட்டிக்கிட்டே இரு. நிறுத்தாதே!"

"ஆடவா? பாட்டு யாரு பாடறது?"

"ஒடுலா, ஆடுடா!"

எங்கள் மென்பொருள் எல்லோருக்கும் பொதுவானது. யாரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். எந்த நாட்டிலோ இருந்த ஒருவர் அனுப்பிய திருத்தத்தை முந்தின நாள் மாலை அபோண்டி மூன்று படகுகளில் ஏற்றியிருந்தாள். பத்து நிமிடம் அசையாத எதுவும் களை என்றது அது. வேலை வேகமாகும் என்று நினைத்தாள். மூன்று படகுகள் புதிய மென்பொருள் ஒன்றை ஏற்றால், மற்றவையும் அவற்றை நம்பித் தாமாகவே ஏற்றுக்கொள்ளும். தலைமைப் படகு கிடையாது, கரையில் நிறுத்தும் பொத்தானும் கிடையாது. கட்டுப்பாட்டை யாரும் பறித்துக்கொள்ளக் கூடாதென்று அவளே அப்படிச் செய்தாள். அதைப் பெருமையாகச் சொல்லுவாள்.

படகுகள் புதியதென்று ஏற்கும்படி, பழைய மென்பொருளுக்கே புதிய எண் கொடுத்து மடிக்கணினியில் வைத்துக்கொண்டாள். கம்பி செருகித்தான் ஏற்ற முடியும். இருவரும் எங்கள் படகில் ஏறி ஒடுலா இருந்த பக்கம் விரைந்தோம்; நான் ஓட்டினேன். போனில் துடுப்பு தண்ணீரில் அடிக்கும் சத்தம் கேட்டது, இடையில் மரம் கிழியும் சத்தம்.

களைக்கு நடுவே ஒடுலா கண்ணில் படவில்லை, அவனைச் சுற்றிய ஐந்து ஆளில்லாப் படகுகள்தான் தெரிந்தன. ஒன்றின் மூடியைத் திறக்கும்வரை அதன் கத்தி நிற்காது. அவள் இடுப்பை நான் பிடித்துக்கொள்ள, குனிந்து திறந்தாள். இரண்டு நிமிடம். இரண்டாவதுக்கும் இரண்டு நிமிடம். அதற்குள் போனில் துடுப்புச் சத்தம் நின்றுவிட்டது. மூன்றாவதின் துளையில் அவளால் கம்பியைச் செருக முடியவில்லை. நான் செருகினேன்.

மூன்று ஏற்றதும் நான்காவது படகு தானாக நின்றது. பிறகு ஐந்தாவது. அப்புறம்தான் துடுப்புச் சத்தம் மறுபடி கேட்டது, இந்த முறை போனில் அல்ல, பக்கத்திலேயே. போனைத் தண்ணீரில் தவறவிட்டிருந்தான் ஒடுலா. படகின் ஒரு பக்கம் நார் நாராகக் கிடந்தது. நாங்கள் தோளைப் பிடித்த பிறகும் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தான்.

அபோண்டி இன்றும் தலைமைப் படகு வைக்கவில்லை, மென்பொருளையும் பூட்டவில்லை. ஆனால் படகில் ஏறினால் அவள் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஒடுலா மாட்டிக்கொண்டதற்கு முந்தின நாள் அந்தத் திருத்தத்தை நானும் படித்திருந்தேன். 'அசையாத எதுவும்' என்ற இடத்தில் தயங்கினேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவளிடம் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணு பண்ணு," என்றாள். "அடுத்த தடவை உனக்குச் சந்தேகம் வந்தா, என் மூஞ்சியைப் பாக்காதே. வேண்டாம்னு சொல்லிடு."