பள்ளிக்கூடத்துக்கும் ஒரு தலைக்கட்டு

1987 செப்டம்பர் 16, புதன்கிழமை. காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. விடிந்ததும் அலுவலக அறையைத் திறந்தேன். முந்தைய நாள் கட்டிவைத்த விடைத்தாள் கட்டுகளின் முடிச்சுகளை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். அன்றைக்கு அறிவியல். வினாத்தாள் உறை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து, மேசையின் இடது ஓரத்தில் வைத்தேன். விடுதிப் பிள்ளைகள் கூழ் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். மணியடிக்கத் தனி ஆள் கிடையாது. நானே அடித்தேன். இறைவணக்கம், உறுதிமொழி, பிறகு தேர்வு.

அது அரசு உதவி இல்லாத தனியார் பள்ளி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் ஒரு கிராமத்தின் கடைசியில் இருந்தது. அதை நடத்திய தாளாளர் சென்னையில் இருந்தார். தலைமையாசிரியையான நான் திருக்கோவிலூர்க்காரி. பள்ளிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தேன். எங்களிடம் மூன்று இடத்துப் பிள்ளைகள் படித்தார்கள். ஊர்ப் பிள்ளைகள், கழனி வேலைக்குப் போகிறவர்களின் காலனிப் பிள்ளைகள், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியவர்கள். மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது சாதாரண விஷயமல்ல. என் வேலை முழுவதும் அந்தப் பெஞ்சைக் கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று நினைத்திருந்தேன்.

ஊர்க்காரர்களின் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு மறுநாள் முதல் சாலை மறியல் என்று எல்லாச் சுவர்களிலும் எழுதியிருந்தார்கள். சாலையோர மரங்களை வெட்டிப் போடுவார்கள், ஒரு வாரம் வண்டி எதுவும் ஓடாது என்றார்கள். நான் கலங்கவில்லை. மீதித் தேர்வுகளைத் தள்ளிவைக்கலாம், ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் நடந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள், மலைப் பிள்ளைகளை மதியத்துக்குள் ஜீப்பில் ஏற்றிவிடலாம் என்று திட்டம் வைத்திருந்தேன். அதைத் தாளில் எழுதி ஆசிரியர்களிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன்.

தேர்வு முடிவதற்குள் அந்தத் திட்டத்தில் பாதி போய்விட்டது. விடுதியைப் பார்த்துக்கொண்ட கணக்கு ஆசிரியர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். அதே ஊர்க்காரர், இளைஞர்.

"ஜீப்பு வராது டீச்சர். மலை அடிவாரத்துலயே நிறுத்திட்டானுங்களாம். இறங்குனா திரும்ப ஏற முடியாதுன்னு டிரைவருங்க பயந்துகினு இருக்கானுங்க."

"பஸ்?"

"காலையில வந்ததுதான் கடைசி." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நானும் நாளைக்கு இருக்க மாட்டேன் டீச்சர். தலைக்கட்டுக்கு ஒரு ஆளு. எங்கப்பாவுக்கு மூட்டு வலி. நான்தான் போவணும்" என்றார்.

தலைக்கட்டு என்பது அந்த ஊர்க் கணக்கில் ஒரு குடும்பம். கோயில் திருவிழா வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு. ஏரி வாய்க்கால் வெட்ட தலைக்கட்டுக்கு ஒரு ஆள். மறியலுக்கும் அதே கணக்கைப் போட்டிருந்தார்கள்.

"போகலைன்னா?"

"எங்கப்பாவ ஒதுக்கி வெச்சிடுவாங்க. அதுக்காக மட்டும் போவல டீச்சர். என் தம்பி நல்ல மார்க் வாங்கியும் சீட்டு கிடைக்காம செங்கல் சூளையில கெடக்கிறான். உங்களுக்கே தெரியும்."

தெரியும். அந்தத் தம்பிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே நான்தான். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. போய் வாருங்கள் என்றேன். அவர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"டீச்சர், இன்னொண்ணு. ஸ்கூலும் ஒரு தலைக்கட்டு இல்ல? ஸ்கூல் சார்பா ஆளு எங்கன்னு கேட்டுகினு இருக்காங்க."

பள்ளியைத் தலைக்கட்டில் சேர்த்தது என் யோசனை. நான் பொறுப்பேற்ற காலத்தில் ஊருக்கு அது யாரோ பட்டணத்துக்காரர் கட்டிப்போட்ட கட்டடம். வேலிக் கல்லைப் பிடுங்கிப் போவார்கள், வராந்தாவில் மாடு கட்டுவார்கள். பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். நான் ஊர்ப் பெரியவரிடம் போய், பள்ளியையும் ஒரு தலைக்கட்டாகக் கணக்கில் வையுங்கள், திருவிழா வரி தருகிறோம் என்றேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் சேர்த்துக்கொண்டார். அந்த வருடமே தேர் எங்கள் வாசலில் நின்றது. மாடுகள் போயின. பெண் பிள்ளைகள் வந்தார்கள். வேலையில் சேர்ந்த பிறகு நான் செய்தவற்றில் ஆக நல்ல காரியம் அதுதான் என்று சக தலைமையாசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். விழுப்புரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பேச வந்தவர், தலைமையில் இருப்பவர் ஐந்து வருடம் தள்ளிப் பார்க்க வேண்டும் என்றபோது, நான் பார்த்துவிட்டேன் என்று மனதுக்குள் பெருமைப்பட்டேன். இப்போது வியாழக்கிழமைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

கிளை அஞ்சலகத்துக்குப் போய்த் தாளாளருக்கு டிரங்க் கால் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "யாரையும் பகைச்சுக்காமப் பார்த்துக்கோங்கம்மா, உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார். ஆளும் அனுப்பாமல் ஊரையும் பகைக்காமல் எப்படி இருப்பது என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

நான் திரும்பியபோது ஊர்ப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். காலனிப் பிள்ளைகளை அழைத்துப்போக அவர்களின் தாய்மார்கள் கேட்டருகே கூடியிருந்தார்கள். வழக்கமாக யாரும் வர மாட்டார்கள். பிள்ளைகள் தாங்களாகவே போவார்கள். அன்று கரும்பு வெட்டப் போனவர்கள் பாதி வேலையில் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் மகள் பத்தாம் வகுப்பு. காலனியிலிருந்து பத்தாம் வகுப்புவரை வந்த முதல் பெண். தாய் என்னிடம் நேராக வந்தாள்.

"இன்னா டீச்சர், நீங்களும் ஆளு அனுப்புறீங்களாமே?"

"யார் சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா? காத்து சொல்லுச்சு." சிரிக்கவில்லை. "ஊருக் கணக்குல ஸ்கூலு இருக்குதுன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும். அந்தக் கணக்குல நாங்க இல்லன்னும் தெரியும். டீச்சருக்கு இன்னா கஷ்டமோ, இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டோம். அவங்க கேக்கறத கேக்கட்டும், குடுத்தா வாங்கிக்கட்டும். எங்களுக்கு அதுல வயித்தெரிச்சல் இல்ல. ஆனா கையில கோடாலியோட கும்பல் ரோட்டுல நிக்கறப்ப, அதுல ஸ்கூலு ஆளும் நின்னான்னு வெச்சுக்குங்க, அப்புறம் எந்த நம்பிக்கையில இந்தக் கேட்டுக்குள்ள பொண்ண அனுப்புவேன்?"

"அனுப்ப மாட்டேன். யாரையும் அனுப்ப மாட்டேன்" என்றேன்.

"வாயால சொல்றீங்க. பாப்போம். நான் மட்டும் இல்ல டீச்சர், எங்க வூடுங்க அத்தினியும் நிறுத்திடும்." மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அந்தப் பெண் திரும்பி, "நாளைக்கு சமூக அறிவியல் பரீட்சை இருக்கா டீச்சர்?" என்று கேட்டது. தள்ளிவைத்திருக்கிறேன் என்றேன். எந்தத் தேதிக்கு என்று கேட்டது.

பொழுது சாய்வதற்குள் பெரியவரின் களத்துக்குப் போனேன். கடலைக்கொடியைப் போராக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கயிற்றுக்கட்டிலை எனக்கு விட்டுவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார். எப்போதும் மரியாதையானவர்.

"வாங்க டீச்சரம்மா. உங்களத்தான் நெனச்சிகினு இருந்தேன். உங்க தலைக்கட்டு ஆளு யாரு?"

"கணக்கு சார்தான் வருகிறாரே, அவரையே..."

"அவன் அவங்கப்பன் வூட்டு ஆளு. ஒரு மாட்ட ரெண்டு வண்டியில பூட்டுவீங்களா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அப்படியானால் நானே வருகிறேன்" என்றேன். அது வேடிக்கைக்காகச் சொன்னதல்ல. என்னை ஆளாகக் கணக்கில் வைத்துவிட்டு, ஒரு பெண்ணை என்ன செய்யச் சொல்வது என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை.

"நீங்களா? மரம் வெட்டுவீங்களா? வெட்டுன மரத்து மேல உக்காந்து பாடம் நடத்துவீங்க." மறுபடி சிரிப்பு. பிறகு அவர் குரல் தணிந்தது. "நீங்க எதுக்குமா வெயில்ல. விடுதியில மலைப் பசங்க இருக்கானுங்க இல்ல, பெரிய பசங்களா ரெண்டு பேர அனுப்புங்க. மீசை மொளச்சவனுங்கதான். பொறந்ததுலேர்ந்து கோடாலி புடிச்சவனுங்க. நம்ம ஆளுங்க அரை நாள் வெட்டுற புளிய மரத்த அவனுங்க ஒரு மூச்சுல சாய்ச்சிடுவானுங்க."

அவருக்கு அதில் தப்பு எதுவும் தோன்றவில்லை. ஒரு வீட்டில் கூலிக்கு இருக்கும் ஆளை அந்த வீட்டுக்குப் பதிலாக அனுப்புவது ஊரில் வழக்கம். விடுதிப் பிள்ளைகள் என் வீட்டு ஆட்கள் என்று அவர் நினைத்தார். அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்கள் மலையில் சாமை விதைத்துவிட்டு, பையன் கீழே படிக்கிறான் என்ற ஒரே தெம்பில் இருப்பவர்கள். போலீஸ் வந்தால் ஓட வழிகூடத் தெரியாத பிள்ளைகள்.

"முடியாதுங்க" என்றேன்.

"ஆளு அனுப்பாத தலைக்கட்ட இன்னான்னு சொல்றது நானு? நாளைக்கு நாலு பேரு என் சட்டையப் புடிச்சுக் கேப்பான், டீச்சருக்கு ஒரு ஞாயம் எனக்கு ஒரு ஞாயமான்னு."

"அப்படியானால் பள்ளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்."

களத்தில் வேலை நின்றது. பெரியவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் சொன்னது எனக்கே புரிந்திருக்கிறதா என்று பார்ப்பது போலிருந்தது.

"எடுத்துடலாம். கேட்டுச் சேந்தீங்க, கேட்டு வெளிய போறீங்க. ஆனா டீச்சரம்மா, உங்க தொட்டியில ரொம்பறது ஊர்க் கெணத்துத் தண்ணி. தலைக்கட்டுக்குத்தான் அது. கணக்குல இல்லாத வூட்டுக்கு இன்னான்னு சொல்லித் தொறந்து வுடுவேன்?"

"விடுதியில் பிள்ளைகள் இருக்கிறார்கள். மலைக்கும் போக முடியாது."

"அதுக்குத்தான் சொல்றேன், ரெண்டு பசங்கள அனுப்புங்க. தண்ணியும் வரும், தேரும் வரும். எங்க பசங்களும் வருவானுங்க." கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னார். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஊர்ப் பிள்ளைகள். அவர்கள் கட்டும் கட்டணத்தில்தான் ஆசிரியர்களுக்குச் சம்பளம்.

எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் யோசித்தேன். ஆளை அனுப்பினால் காலனிப் பிள்ளைகள் போவார்கள். அனுப்பாவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் போவார்கள். யார் போனாலும் அந்தப் பெஞ்ச் போய்விடும். இரண்டு மலைப் பையன்களைக் கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள். நான் சொன்னால் எதற்கும் சரி என்பார்கள். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அழுகை வந்தது. பள்ளி வாசலில் பிள்ளைகள் எனக்காக நின்றதால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாரும் கேட்டைத் தாண்டி வெளியே போகக்கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போதே குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். சொட்டு இல்லை. அடிப் பாசி தெரிந்தது. பெரிய பையன் ஒருவன், "மோட்டாரு ரிப்பேரா டீச்சர்?" என்றான். ஆமாம் என்றேன். தாளாளருக்கு விவரம் எழுதி உறையில் போட்டேன். எடுத்துப்போகத் தபால் வண்டி கிடையாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் வெளிச்சம் வருவதற்கு முன்பே சாலைப் பக்கம் கோடாலிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பிறகு ஒரு மரம் விழும் ஓசை. பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். கூழ் காய்ச்சத் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் வேறு தண்ணீர் ஒன்றுதான் இருந்தது, காலனியில் அரசாங்கம் போட்ட அடிபம்பு. ஊரில் யாரும் அந்தத் தண்ணீரை வாயில் வைத்ததில்லை. பள்ளிக்கூடத்துக் கூழ் அந்தத் தண்ணீரில் காய்ச்சியது என்று தெரிந்தால், மறியல் முடிந்த பிறகும் எத்தனை ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவரும் வராமலும் போகலாம். அதை யோசித்துக்கொண்டு நின்றால் கை ஓடாது என்பதால் குடத்தை எடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு குடங்களைப் பெரிய பையன்களிடம் கொடுத்து, என் பின்னாலேயே வரச் சொன்னேன்.

பம்பைச் சுற்றிப் பெண்கள் இருந்தார்கள். நேற்று கேட்டருகே பேசிய அந்தத் தாய்தான் பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். என் குடத்தைப் பார்த்தாள், பையன்களைப் பார்த்தாள், சாலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வயதான ஒருத்தி அவசரமாகத் தன் குடத்தை நகர்த்தி எனக்கு இடம்விடப் போனாள்.

"இரு பெரிம்மா. இங்க பெரிய டீச்சரு, சின்ன டீச்சருன்னு கெடையாது" என்றாள் அந்தத் தாய். "வரிசையில வாங்க டீச்சர்."

கடைசியில் போய், குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.