மூட்டையோடு வைத்த கால்

முதல் நாள் அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டர். அளவு எடுக்கும் அம்மா. முறைக்குக் காத்திருந்த ரிட்டயர்டு ஆபீசர் ஒருவர், காலில் வெள்ளை ஷூ. என் மனைவி. நான்.

நான் பரவை மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிறவன். இருபத்திரண்டு வருசமாக அதுதான் வேலை. நாலு மாதமாகக் குதிகாலில் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி ஏறுகிற மாதிரி இருக்கும். விளாங்குடியில் பார்த்த டாக்டர்தான் கே.கே. நகரில் இருக்கும் இவரிடம் அனுப்பினார். பாதத்துக்கு அளவெடுத்து, செருப்புக்குள் வைக்கிற அட்டை செய்து தருவார்களாம்.

ஒரு பெட்டி நிறைய நுரை இருந்தது. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பாதத்தை அதில் வைக்கச் சொல்லி, அந்த அம்மா என் முழங்காலை அழுத்தினார். அச்சு விழுந்தது. குழியும் வளைவுமாக அழகான கால். எனக்கே அது என் கால் மாதிரித் தெரியவில்லை.

"இது உக்காந்திருக்குற காலும்மா" என்றேன். "சொமை ஏறுனா விரிஞ்சிரும்."

எல்லாருக்கும் இப்படித்தான் எடுப்பது என்றார் அவர். ஆபீசர் சும்மா இருக்கவில்லை.

"அப்ப மூட்டையத் தூக்கிக்கிட்டே வந்துருங்க."

டாக்டர் சிரித்தார். அந்த அம்மா சிரித்தார். என் மனைவியும் சிரித்துவிட்டாள். அவளோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

பத்து நாளில் அட்டை வந்தது. பின்வார் வைத்த செருப்புக்குள் ஒட்டிக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் லாரியில் ஏழாவது மூட்டை. பலகையில் இறங்கும்போது, உள்ளங்காலுக்கு நடுவே மேடாக்கி வைத்திருந்தது கல்லாகக் குத்தியது. கால் மடங்கிவிட்டது. மூட்டை கீழே விழுந்து வாய் பிரிந்தது. வெங்காயம் ரோடு பூரா ஓடியது.

எங்கள் ஆட்களுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. வேலைக்கு முறை போடுவது அவர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, திங்கக்கெழம வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல உன் எடத்துல வேற ஆளப் போட்டுருவேன். கோவிச்சுக்கிறாத."

கோவிக்காமல் என்ன செய்வது. போன இடம் திரும்பக் கிடைக்காது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை கே.கே. நகர் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். போகப் போகப் பழகும் என்றார். ஆறு வாரம் கனம் தூக்காதீர்கள் என்றார்.

"தூக்காம இருக்கணும்னா நான் எதுக்கு இங்க வாரேன்?"

அவர் அடுத்த ஆளுக்கு மணி அடித்தார்.

சனிக்கிழமை, தெரிந்த கடையில் சொல்லி ஒரு மூட்டை எடுத்தேன். ஐம்பது கிலோ. லோடு ஆட்டோவில் கே.கே. நகர் வரை கொண்டுபோய், முதுகில் ஏற்றி மாடிப்படி ஏறினேன். பழைய செருப்பு காலில். புதுச் செருப்பு கையில். வரவேற்பில் இருந்த பெண், வெங்காயம் யாரும் கேட்கவில்லையே என்றாள். நான் நிற்கவில்லை. நேரே அளவெடுக்கிற அறைக்குப் போனேன்.

"இறக்கி வைங்கண்ணே" என்று அந்த அம்மா பதறினார்.

"எறக்க மாட்டேன். அளவ எடுங்க."

நுரை இம்புட்டுப் பாரம் தாங்காது என்று சொல்லி அந்த அம்மா தரையில் மைத்தாளும் வெள்ளைத்தாளும் விரித்தார். மூட்டையோடு மிதித்தேன். அடுத்து மூட்டையை இறக்கி, நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தாளில் மிதிக்கச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் வளைவு இருந்தது. மற்றதில் வளைவே இல்லை. வாத்துக் கால் மாதிரி முழுசாக அப்பியிருந்தது.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அட்டையைப் பிரித்து, மெஷினில் கொடுத்து மேட்டைத் தேய்த்தார். குதிகாலுக்கு மெத்தென்று வேறொன்று வைத்தார். மூன்று தடவை மூட்டையோடு என்னை நிற்க வைத்துப் பார்த்துத் தேய்த்தார். அம்புட்டு நேரமும் டாக்டர் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை லாரி வந்தது. முந்நூற்று இருபது மூட்டை, எட்டு ஆள். ஆளுக்கு நாற்பது. தலைவர் ஒரு புது ஆளை வரச்சொல்லி ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார். தோளில் புதுத் துண்டு. டீக்கு எல்லாரும் போனபோதும் நான் போகாமல் இறக்கிக்கொண்டிருந்தேன். குதிகால் வலித்தது. ஆனால் தாங்குகிற வலி. உள்ளங்காலில் ஒன்றும் குத்தவில்லை. லாரி காலியானதும் தலைவர் அந்த ஆளைப் போகச் சொல்லிவிட்டு, நான் எத்தனை இறக்கினேன் என்று கேட்டார்.

நாற்பத்து மூன்று.