கையெழுத்தான இரங்கல்

உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சராக இருப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. வேலையை ஒழுங்காகச் செய்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. செய்யாவிட்டால் நாடே வந்து பார்க்கும். அந்தச் சங்கடத்தோடு வந்துபோன ஆறு அமைச்சர்களிடம் சுந்தரேஷ் வேலை பார்த்திருந்தார். அவருடைய இலாகா இரங்கல். எங்காவது குண்டு வெடித்தால் கால் மணி நேரத்தில் அமைச்சரின் அறிக்கை போயாக வேண்டும். செத்தவர்களை எண்ணி முடித்துவிட்டு எழுத உட்கார்ந்தால் எதிர்க்கட்சி முந்திக்கொள்ளும். ஆகவே ஊர் பெயருக்கும் எண்ணிக்கைக்கும் இடம் விட்டு அறிக்கை எப்போதும் தயாராக இருக்கும். யார் யாருக்கோ அழுதே தில்லி சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் பிடித்தவர் என்று பக்கத்து மேஜை கோபாலன் சொல்வார்.

இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் சுந்தரேஷுக்குக் கடவுள் பக்தி இறங்கி, கையெழுத்து பக்தி ஏறியிருந்தது. ஒரு அமைச்சர் தலைமைக்கு விசுவாசம் காட்டத் தேதியில்லாத ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் தேதி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொருவர் படிக்காமல் கையெழுத்திட்டு, உயிரோடிருந்த ஒரு கமாண்டன்ட்டின் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் அனுமதித்துவிட்டார். அந்தக் கமாண்டன்ட் மாதம் முடிவதற்குள் கண்ணை மூடி உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார். அமைதி திரும்பிவிட்டது என்று கையெழுத்தானவை மட்டும் பலித்ததில்லை.

ஏழாவது அமைச்சர் பதவியேற்ற மறுநாள் காலையில் மாதிரி அறிக்கை ஒன்று கேட்டார். பார்த்துவிட்டு இந்தியில் சலித்துக்கொண்டார்: "சுந்தரேஷ் ஜி, இப்படி ஓட்டை ஓட்டையாக இருந்தால் எதை வாசித்துப் பழகுவது?"

சுந்தரேஷ் ஓட்டைகளை அடைத்தார். ஊர்: தான் தினம் மெட்ரோவில் இறங்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட். எண்ணிக்கை: பதினொன்று. பழக்க தோஷத்தில் அன்றைய தேதி. கோப்பில் வைத்து, பார்வைக்கு என்று மஞ்சள் சீட்டு ஒட்டி உள்ளே அனுப்பினார். சீட்டு ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஒன்றைத்தான் அமைச்சர் முதல் நாளில் கற்றிருந்தார். ஒரு மணிக்குக் கோப்பு கையெழுத்தாகித் திரும்பியது.

"கிழிச்சுப் போடும் ஓய்," என்றார் கோபாலன்.

"ரிஜிஸ்டர்ல ஏறி டைரி நம்பர் விழுந்துடுத்து. கையெழுத்தானதைக் கிழிக்க ரூல் இல்லை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் மனைவி அனந்தலக்ஷ்மிக்குப் போன் போட்டார். மகள் மேதா எடுத்தாள்.

"அம்மா போனை சார்ஜ்ல விட்டுட்டுப் போயிட்டாப்பா. ஐ.என்.ஏ.க்கு. உங்ககிட்ட கறிவேப்பிலை சொன்னா மறந்துடறேளாம்."

"எப்போ போனா?"

"அபி அபி, இப்பத்தான். பத்து நிமிஷம் இருக்கும். ஏன்பா, உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு?"

இருபத்தெட்டு வருஷத்தில் கூப்பிடாமல் நுழையாத அறைக்குள் சுந்தரேஷ் நுழைந்தார். ரத்து செய்யச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார். அமைச்சர் கண்ணில் ஊரும் தேதியும் மட்டும் பட்டன. அவர் முகம் வெளுத்தது.

"தகவல் வந்திருக்கிறதா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் உண்மை, அதுதான் விதி. அனந்தலக்ஷ்மி இந்நேரம் ஒவ்வொரு வெண்டைக்காயாக நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். சுந்தரேஷ் பேசாமல் நின்றார். அந்த அமைச்சகத்தில் மௌனத்துக்கு, தகவல் உண்டு, சொன்னவனைக் காட்டிக்கொடுக்க முடியாது என்று பொருள்.

இருபது நிமிஷத்தில் மார்க்கெட் காலியானது. மோப்ப நாய்கள் மீன் கடைகளில் மனம் தடுமாறியதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

நாலு மணிக்கு வீட்டிலிருந்து போன். "எந்தக் கட்டையில போறவன் புரளி கிளப்பினானோ! போலீஸ்காரன் தள்ளின தள்ளுல வாழைக்காய் அத்தனையும் நடுத்தெருவுல போச்சு. கேக்கறேளா, இல்லையா?"

"கேக்கறேன். சொல்லு, சொல்லு," என்றார் சுந்தரேஷ். அவள் திட்டுவதை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

நடக்காத தாக்குதலை முறியடித்ததற்காக மறுநாள் பத்திரிகைகள் அமைச்சரைப் பாராட்டின. பத்து மணிக்கு அவர் சுந்தரேஷைக் கூப்பிட்டு, கதவைத் தானே சாத்தினார்.

"நேற்று அங்கே ஏதாவது இருந்திருக்குமா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை." அதே இரங்கல் அறிக்கையின் புதுப் பிரதி ஒன்றை மேஜை மேல் நகர்த்தினார். தேதி போட்டிருந்தது, கீழே கையெழுத்தும் இருந்தது. ஊர் பெயர் மட்டும் இல்லை. "இன்றைக்கு எங்கே என்று நீங்களே எழுதிவிடுங்கள். காலி பண்ண ஆள் அனுப்புகிறேன்."

எழுதிய இடம் காலியாகிவிடும், சரி. பலிக்காமல் விடாத கையெழுத்து அதற்குப் பிறகு எங்கே போய் விழும் என்று அமைச்சர் கேட்கவில்லை. சுந்தரேஷ் தன் மேஜைக்கு வந்து போனை எடுத்தார்.

"இன்னிக்கு யார் யார் எங்க போறேள்?"

"மேதா காலேஜுக்கு. நான் மலை மந்திர் முருகன் கோவில் வரைக்கும். இதென்ன புதுசா விசாரணை?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

காகிதத்தில் ஓர் இடத்துக்குத்தான் இடம் விட்டிருந்தது.