பேர் வைக்காமல் வளர்த்த நீர்நாய்க்குட்டி

அந்த நாலு மாதமும் என் துப்பட்டாவில் மீன் கவிச்சி போகவே இல்லை. டவுண் பஸ்ஸில் என் பக்கத்து சீட் மட்டும் எப்போதும் காலியாக இருக்கும்!

பாளையங்கோட்டையில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் உதவியாளர் வேலை. அதுதான் என் முதல் வேலை. ஒரு நாள் காலையில், சீவலப்பேரி ஆற்றில் மீன் பிடிக்கிற சுடலை அண்ணாச்சி ஓலைப்பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே ஈரத்துண்டில் சுருண்டு கிடந்தது ஒரு நீர்நாய்க்குட்டி.

"தாய் என் வலையில சிக்கிச் செத்துப்போச்சு டாக்டரம்மா. வலையப் பிச்சுப்போடுதுன்னு அத எத்தன நாளு ஏசிருக்கேன்... இத சாவ விட்டுராதீங்க."

வனத்துறையில் சொல்லி அனுமதி வாங்கினோம். குட்டி என் பொறுப்பு. டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்:

"பேர் வைக்காத. கொஞ்சாத. அதுகிட்ட பேசவே பேசாத. மனுசங்கள நம்புனா ஆத்துல அது பொழைக்காது பிள்ள."

முகத்தை மூடிக்கொண்டுதான் பால் கொடுப்பேன். அது பறவை மாதிரி கீச்சிட்டு என் விரலைப் பிடிக்கும்... பல்லைக் கடித்துக்கொண்டு கையை உருவிக்கொள்வேன்.

ஆற்றில் பிறந்த குட்டிக்குத் தண்ணீர் என்றால் பயம்! தொட்டியில் இறக்கினால் என் கைமேல் ஏறிவிடும். விடவில்லை. தினமும் பைய இறக்கினேன். அண்ணாச்சி தினமும் உயிர்மீன் கொண்டுவந்து தொட்டியில் விடுவார். வாரக்கணக்கில் ஒன்றைக்கூட அது பிடிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் முங்கி எழுந்தது... வாயில் ஒரு கெண்டை!

"புடிச்சிட்டுலா!" என்று அண்ணாச்சி கத்திவிட்டார். டாக்டரம்மா முறைத்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு ஆற்றங்கரையிலேயே வலைக்கூண்டு போட்டு ஒரு மாதம் பழக்கினோம். திறந்துவிட்ட அன்று தண்ணீருக்குள் போன குட்டி, திரும்பி நேராக என்னிடம் வந்தது. என் பாதத்தின் மேல் முன்னங்காலை வைத்தது.

"விரட்டு பிள்ள!" என்றார் டாக்டரம்மா.

கை தட்டினேன். கத்தினேன். மணலை அள்ளி வீசினேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது... பிறகு முங்கிப் போனது. அண்ணாச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது செல்போனைத் திறந்தாலே காட்டு விலங்குக் குட்டிகளை மடியில் வைத்துக் கொஞ்சுகிற ரீல்ஸ். "உன்கிட்ட ஒரு போட்டோகூட இல்லையா?" என்று தோழிகள் கேட்கிறார்கள். இல்லை. எடுக்கவில்லை.

போன வாரம் சீவலப்பேரிப் பக்கம் போயிருந்தேன். பாறைமேல் நாலைந்து நீர்நாய்கள். ஸ்கூட்டரை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். என் தலையைக் கண்டதுமே எல்லாம் தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டன.

ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.